முதல் சவாரிக்கு ஒரு நாற்காலி

"டிக்கியில கேஸ் சிலிண்டர் இருக்குண்ணே. நாற்காலி எங்க நுழையும்?" என்று ரெட்டிபாளையத்திலிருந்து வேல்முருகன் போனில் கேட்டபோது மணி எட்டே முக்கால்.

இளையபெருமாள் கண்ணை மூடித் திறந்தார். பெரம்பலூர் டாக்ஸி ஓட்டுநர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்த பதினோரு வருடத்தில் அவர் அடிக்கடி செய்த வேலை இதுதான்.

எதிரே மாலை போட்டு, ரிப்பன் கட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நின்றது புது வேன். சங்கத்தின் முதல் சக்கர நாற்காலி டாக்ஸி. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுச் சரிவுப் பலகை வைத்திருந்தார்கள். முதல் பயணி ரெட்டிபாளையம் பூங்குழலி. விழா முடிந்ததும் இதே வண்டியில் பதினொன்றரை மணிக்குக் கண் ஆஸ்பத்திரி இன்டர்வியூவுக்கு அவளைக் கொண்டுபோய் விடுவதாக இளையபெருமாள் வாக்குக் கொடுத்திருந்தார். இதற்கு முன் இரண்டு இன்டர்வியூவை வண்டி கிடைக்காமலே விட்டவள் அவள்.

அந்த இரண்டில் ஒன்றின்போது அரியலூர் ஸ்டேஷன் வாசலில் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஏழு டாக்ஸிகள் போயின. அதில் ஐந்தாவது இளையபெருமாளுடையது. அந்த வெட்கம்தான் ஆறு மாதம் அலைந்து இந்த வேனாகி நின்றது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"அண்ணே, அந்த வேனே வந்து என்னைய ஏத்திக்கிட்டா என்ன?" என்று நேற்றே பூங்குழலி கேட்டாள்.

"பூஜை போடாத வண்டிய எப்படிம்மா ரோட்டுல எறக்கறது?"

"பூஜை போட நான் வரணும். நான் வர வண்டி வேணும். வண்டி வர பூஜை போடணும்."

"ஆமாம்மா."

"சரிங்கண்ணே," என்றாள். சண்டை போட்டு அலுத்தவர்கள் சொல்கிற சரி அது.

அவளை அழைத்துவரத் தன் டாக்ஸியோடு போயிருந்த வேல்முருகன் இப்போது போனில் காத்திருந்தான்.

"பின் சீட்டுல வையேன்."

"மடக்க முடியாத நாற்காலிண்ணே. கதவுல நுழையல. இந்தா, தமிழரசன் லோடு வண்டி பெரம்பலூருக்குக் காலியாத்தான் வருது. ரெண்டையும் அதுல ஏத்திரட்டுமா?"

"லோடு வண்டில ஆள ஏத்துனா கேஸு போடுவான். நாற்காலிய மட்டும் அதுல விடு. பாப்பாவ நீ கூட்டியா."

பின்னாலிருந்து பூங்குழலியின் குரல் கேட்டது. "அதையும் என்னையும் பிரிக்காதீங்கண்ணே!"

"ஒரு மணி நேரந்தானம்மா," என்றார் இளையபெருமாள்.

பத்து மணிக்கு லோடு வண்டி வந்தது. நாற்காலி பத்திரமாக இறங்கியது. பூங்குழலியைத்தான் காணவில்லை.

"எங்கடா இருக்க?"

"தமிழரசன் வண்டி தாண்டுனதும் சிமெண்ட் லாரி ஒண்ணு குறுக்க படுத்துருச்சுண்ணே. முன்னாடி முப்பது லாரி நிக்குது."

சங்கத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராகு காலம். அப்பறம் பன்னெண்டு வரைக்கும் வண்டிய எடுக்க முடியாது."

"பன்னெண்டுக்கு எடுத்தா பாப்பாவுக்கு இன்டர்வியூ போயிருமே!"

"அப்ப இப்பவே எடுத்துரலாம். வெறும் வண்டியா கோயிலுக்குப் போயிட்டு வரட்டும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு வந்துரும்."

"எடுக்க மாட்டேன்," என்றான் வேன் டிரைவர் மகேஷ்.

அவன் எடுக்காததற்கும் காரணம் இளையபெருமாள்தான். சரிவுப் பலகை உள்ள வண்டி என்று தெரிந்ததுமே ஊரில் பாதிப் பேர் பிரிட்ஜ் ஏற்ற வருமா, வாழைத்தார் ஏற்ற வருமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் அன்று காலையில் மகேஷைக் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண வைத்தார். வீல்சேரில் உட்கார்ந்த ஆள்தான் இந்த வண்டியில் ஏறவேண்டும். வேறு ஆளும் கூடாது, சாமானும் கூடாது. மீறினால் வண்டி விளங்காது.

"மொத சவாரியே வெறும் வண்டியா போனா வெளங்குமாண்ணே?" என்றான் மகேஷ். சத்தியத்தில் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

மணி பத்து இருபது. புளியமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார் டிரைவர் பாவாடை. கிருஷ்ணமூர்த்தி அவரை எழுப்பி, முகத்தைக் கழுவச் சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்தார்.

"எதுக்குங்க?" என்றார் பாவாடை.

"பேசாம உக்காருய்யா."

ரிப்பன் அறுந்தது. பூசணிக்காய் உடைந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. கைதட்டலுக்கு நடுவே, எதற்கென்றே தெரியாமல் கும்பிட்டபடி பாவாடை ஊர்க்கோடி அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டார்.

பத்து நாற்பதுக்கு வேல்முருகன் கார் வந்து நின்றது. "என் சேர் எங்கண்ணே?" என்றாள் பூங்குழலி.

இளையபெருமாள் நடந்ததைச் சொன்னார்.

"அப்ப என் நாற்காலி மட்டும் டாக்ஸியில போயிருக்கு."

"அஞ்சு நிமிஷத்துல வந்துரும்மா."

அதற்குள் வேல்முருகன் ஹாரன் அடித்தான். அரியலூர் ஸ்டேஷனில் அவனுக்கு ரயில் பார்ட்டி காத்திருந்தது. டீக்கடை சாந்தா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கார் கதவோரம் போட்டாள். பூங்குழலி கைகளை ஊன்றி அதற்கு மாறினாள். கார் போனது. சாந்தா கொடுத்த டீயும் ஆறிப்போனது.

பதினொன்று ஐந்துக்கு இளையபெருமாள் போன் அடித்தது. பாவாடை.

"தம்பி, இங்க கொஞ்சம் சிக்கலாயிடுச்சு."

"என்ன ஆச்சு?"

"கோயில் வாசல்ல எறங்கி, கற்பூரம் ஏத்தலாம்னு எந்திரிச்சேன். வண்டிலேருந்து நாற்காலியோட எறங்குன ஆளு எந்திரிச்சு நடக்கறான்னு பொம்பளைங்க எல்லாம் குலவை போட்டுட்டாங்க."

"நீங்க சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள மாலையப் போட்டுட்டாங்க. ரெண்டு பேரு கால்ல விழுந்துட்டாங்க. அதுக்கப்பறம் எப்படிச் சொல்றது?"

"சரி, நாற்காலிய அனுப்புங்க!"

"அதான் சிக்கல். வேண்டுதல் பலிச்சவன் அத வூட்டுக்கு எடுத்துட்டுப் போனா சாமி குத்தமாம். செவப்புத் துணியச் சுத்தி வேப்பமரத்துல கட்டிட்டாங்க. என்னையும் விட மாட்டேங்கறாங்க. துன்னூறு குடுக்கச் சொல்றாங்க. மகேஷ் மட்டும் வண்டிய எடுத்துட்டு வரான்."

போனில் வந்த குலவைச் சத்தம் பூங்குழலிக்கும் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. "எனக்கு நடக்காதது எல்லாம் என் சேருக்கு நடக்குதுண்ணே," என்றாள்.

அன்று காலையிலிருந்து சுமந்த அலுப்பெல்லாம் இளையபெருமாளுக்குக் கோபமாக மாறியது. தான் நிறுத்தாமல் ஓட்டிப் போன அந்த ஸ்டேஷன் வாசல் நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை இந்தப் பெண்ணை நிறுத்திவைத்துவிட்டுப் போக அவரால் முடியாது.

பதினொன்று பத்துக்கு, மாலை ஆட வேன் வந்து நின்றது.

"மகேஷு, பலகைய எறக்கு! பாப்பாவ இந்த பிளாஸ்டிக் நாற்காலியோட தூக்கி வைக்கிறோம். நானும் உள்ள நின்னு புடிச்சுக்கறேன். நேரா கோயிலு, அந்த மரத்த வெட்டியாவது சேர எடுக்கறோம், அங்கேருந்து ஆஸ்பத்திரி. கால் மணி நேரம் போதும்!"

நான்கு பேர் ஓடி வந்தார்கள். பூங்குழலி பைலை மடியில் இறுக்கிக்கொண்டாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மகேஷ் மட்டும் அசையவில்லை. அவளைப் பார்த்தான். பிளாஸ்டிக் நாற்காலியின் நான்கு கால்களையும் பார்த்தான். பிறகு, மிகுந்த மரியாதையோடு சொன்னான்:

"வீல்சேர்ல வர்ற ஆளத் தவிர வேற யாரையும் ஏத்த மாட்டேன்னு காலைல எங்கிட்ட கற்பூரம் அடிச்சு சத்தியம் வாங்குனீங்களேண்ணே... இந்த அக்கா வீல்சேர்ல இல்லியே?"