நீல நிறத்துக்காக நான் பட்டினி கிடந்த கதை

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போய், டாக்டரிடம் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுக்க வேண்டும். பாட்டிலில் இருந்தது என் சிறுநீர்.

எனக்குச் சர்க்கரை வியாதி. மாதம் ஒரு முறை டாக்டர் சிறுநீரில் சில சொட்டுகளை ஒரு நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் இருக்கிறது. செங்கல் நிறம் வந்தால் டாக்டரின் முகமும் அதே நிறத்துக்கு வந்துவிடும்.

மூன்று மாதமாக எனக்குச் செங்கல்தான்.

"இப்படியே போனா பக்கவாதம் வரும் சார்," என்றார் டாக்டர்.

என் மைத்துனருக்கு அப்படித்தான் வந்தது. புளியந்தோப்பில், தம் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் பஸ்ஸில் என் வலது கையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வேன்.

ஆகவே இந்த மாதம் நீலம் வந்தே ஆக வேண்டும். முதல் நாளிலிருந்தே வெறும் மோர். காலையில் அதுவும் இல்லை.

"ரெண்டு இட்லியாச்சும் தின்னுட்டுப் போங்க," என்றாள் என் மனைவி பிலோமினா.

"இட்லி நிறத்தைக் கெடுத்துடும்!"

சர்க்கரைக்கான மாத்திரையை மட்டும் விடவில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டேன். மிச்சம் மீதிச் சர்க்கரையும் கரையட்டும் என்று நடந்தே கிளம்பினேன். 'பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படிக்காதீர்கள்' என்று பத்திரிகையின் சிறுவர் பகுதியில் வருஷா வருஷம் எழுதுகிறவன் நான்!

தண்டையார்பேட்டை தாண்டும்போது கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்தது. ராயபுரத்துக்குள் நுழைந்தபோது சாலை இடது பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. நாக்கு தடித்துவிட்டது.

வந்துவிட்டது! பக்கவாதமேதான்!

மைத்துனரை டாக்டர் சோதித்தது ஞாபகம் வந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். நானும் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். எதிரில் வந்த மீன்கூடைக்காரம்மாவைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன்.

"அடச்சீ! காலங்காத்தால ஊத்திகினு வந்து இளிக்குது பாரு!" என்று கத்தினாள் அவள்.

மதுவிலக்கு இருந்த காலம். காக்கி நிக்கரில் ஏட்டு ஒருவர் வந்தார். தள்ளாடுகிற என்னையும் பார்த்தார், என் பையிலிருந்த பாட்டிலையும் பார்த்தார்.

"இன்னாய்யா இது? யாரு காய்ச்சினது?"

"நா... நான்தான்."

"எங்க?"

"வூ... வூட்டுல."

"எப்போ?"

"காலைல ஆறு மணிக்கு."

வெயிலில் சூடேறியிருந்த பாட்டிலை எடுத்துத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் சூடா கீது போல. யாருக்கு எடுத்துனு போறே?"

"டாக்டருக்கு."

"டாக்டருக்கா! படிச்சவங்களே இப்டி கெட்டுப் போனா நாடு இன்னாத்துக்கு ஆவும்?"

தடுக்கலாம் என்றால் நாக்கு புரளவில்லை. ஏட்டு தக்கையைப் பிடுங்கினார். மூக்கருகே கொண்டு போனார். நன்றாக, ஆழமாக, கடமை தவறாமல் இழுத்தார்.

அவர் முகம் போன போக்கை எழுத எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

நல்லவேளையாக, ஓரத்தில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து ஓடி வந்தாள். "ஏட்டய்யா, வுடு! இது சாராயம் இல்ல, சக்கரை கொறைஞ்சிட்ச்சி. எங்க வூட்டுக்காரரும் மாத்திரைய போட்டுகினு துன்னாம போனா இப்டித்தான் ஆடுவாரு." ஆப்பத்துக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி என் வாயில் புகட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் சாலை நேராக நின்றது. நாக்கும் திரும்பி வந்தது.

ஏட்டே என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டு போனார். பாட்டிலை மட்டும் கையை நீட்டி, தம்மிடமிருந்து முடிந்த தூரத்தில் பிடித்துக்கொண்டார்.

பட்டினியையும் இரட்டை மாத்திரையையும் ஒப்புக்கொண்டேன். டாக்டர் காய்ச்சினார். நீலம்! அப்பழுக்கில்லாத நீலம்!

"பாஸ்தானே டாக்டர்?"

"பாட்டில் பாஸ். நீங்க ஃபெயில்," என்றார் டாக்டர். "தினம் தினம் ஏறுற சர்க்கரை ரத்தக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக் கெடுக்குது. பக்கவாதம் அங்கிருந்து வருது. நான் டெஸ்ட் பண்ற நாளைப் பார்த்து அது வராது. பட்டினியோட ரெண்டு மாத்திரை போட்டீங்களே, பக்கவாதத்துக்கு முன்னாடியே போயிருப்பீங்க!"

அன்று முதல் மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டேன், ஒரே மாத்திரை போட்டேன், மாலையில் நடந்தேன். அடுத்த மாதம் பச்சை வந்தது. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "இது நிஜமான நிறம். இதை வெச்சு வைத்தியம் பண்ணலாம்."

அதற்கப்புறம் பாட்டிலோடு நான் அந்த ஆப்பக்கடை முனையைக் கடந்தால், ஏட்டு எதிர்ப் பக்க நடைபாதைக்குப் போய் நின்றுகொண்டுதான் விசாரணையே ஆரம்பிப்பார்: "சாரே, துன்னுட்டியா?"