ஆராம்சே மேடமும் அடுத்த கான்வாயும்

அந்தமான் தீவுகள் மொத்தத்திலும் அவசரம் என்ற சங்கதியே தெரியாத ஒரே ஜீவன் எங்கள் ஆராம்சே மேடம்தான். நில அதிர்வு வந்தால் ஹெட்மாஸ்டர் உட்பட எல்லோரும் மைதானத்துக்கு ஓடுவோம். அவர் டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேருவார்.

மாயாபந்தரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு, படிப்பு ஏறாத பிள்ளைகளைப் பார்ப்பதற்காக போர்ட் பிளேயரிலிருந்து பஸ்ஸில் வரும் சைக்காலஜிஸ்ட் அவர். எதற்கெடுத்தாலும் "ஆராம்சே, ஆராம்சே" என்பார். பதறாமல், நிதானமாக என்று இந்தியில் அர்த்தம். இந்தி இல்லாமல் இங்கே மீன்கூட வாங்க முடியாது என்பதால் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் ஆபீஸ் கிளார்க்கான எனக்கே ஞாபகமில்லை.

நானோ, டீயை நின்றுகொண்டே குடிக்கிற ரகம். என் ஆபீஸை ஒட்டிய ஸ்டோர் ரூமைத்தான் அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவர் வந்தாலே எனக்கு பி.பி. ஏறும். ஊருக்குத் திரும்பும் நாளில் கேட்கவே வேண்டாம். வழியில் பழங்குடியினர் வாழும் காட்டுப் பாதையில் வண்டிகள் தனியாகப் போகக் கூடாது. போலீஸ் காவலோடு கூட்டமாக, கான்வாயாகத்தான் போகவேண்டும். குறித்த நேரத்துக்கு செக்போஸ்ட் கேட்டில் இல்லாவிட்டால் அங்கேயே தவம் கிடக்கவேண்டியதுதான்.

"மேடம், பஸ் கிளம்பப் போவுது! கான்வாய் போயிடும்!" என்று நான் கத்துவேன்.

"ஆராம்சே, சார். அடுத்த கான்வாய் இருக்குல்ல?" என்பார், வேர்க்கடலையைத் தோல் நீக்கிக்கொண்டே.

அவருடைய வைத்தியமும் அப்படித்தான். "பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டராமே" என்று பயந்துகொண்டு பெற்றோர் பிள்ளைகளை இழுத்து வந்தால், மேடம் தரையில் கேரம் போர்டைப் போட்டுவிடுவார். அதிலும் சும்மா ஆடமாட்டார், திருடுவார்! பட்டப்பகலில் காயைச் சுட்டு முந்தானைக்குள் ஒளிப்பார். எந்தப் பிள்ளை கவனிக்கிறது, எது கேட்கப் பயப்படுகிறது என்று பார்ப்பாராம். நல்ல சைக்காலஜி!

அப்படி ஒருநாள் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தவள், ஆறாம் வகுப்பு கலை.

"மேடம், முந்தானைக்குள்ள ஒரு வெள்ளக் காய் இருக்கு. போன ஆட்டத்துல எடுத்த கறுப்பையும் சேர்த்து வைங்க."

மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அரே வாஹ்!" என்று கையைத் தட்டினார். அந்த கலை மீன்காரியிடம் பெங்காலியில் பேரம் பேசுவாள், பக்கத்து வீட்டில் தெலுங்கில் வம்பளப்பாள், தெருவில் இந்தி, வீட்டில் தமிழ். ஆனால் எந்த மொழியிலும் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் வேர்த்துக் கொட்டிவிடும்.

அவள் அப்பா முருகேசன், கட்டட கான்ட்ராக்டர். பிள்ளைக்குப் படிப்பு வராவிட்டால் எங்கள் தீவுக்காரர்கள் செய்கிற வைத்தியத்தை அவரும் செய்திருந்தார்: மீடியத்தை மாற்றுவது. தமிழ் மீடியத்தில் வரவில்லை என்று இந்தி மீடியம், அதிலும் வரவில்லை என்று இங்கிலீஷ் மீடியம். எல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் ஆபீசுக்கு வந்து நின்றார்.

"டி.சி. குடுத்துடுங்க சார். மெயின்லேண்ட்ல தங்கச்சி வீட்டுல விட்டுடறேன். படிச்சது போதும், வீட்டு வேலை கத்துக்கட்டும். ஷிப் டிக்கெட் எடுத்தாச்சு."

கலை பெஞ்சில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையிலிருந்து மேடம் மெதுவாக நடந்து வந்தார்.

"தெலுங்கு மீடியம் இன்னும் பாக்கலையே?"

முருகேசன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அதுல வந்துடுமா மேடம்?"

நான் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மேடம் என் மேஜையில் சமோசா மடித்து வந்த பெங்காலி பேப்பரை உதறி எடுத்தார். "உங்க லேபருங்க கூட பெங்காலிலதானே சண்டை போடறீங்க? இதைப் படிங்க."

"பேசுவேன். எழுத்து தெரியாதே."

"பேசத் தெரியுது. கண்ணும் நல்லாத் தெரியுது. அப்புறம் என்ன, திமிரா? ம்... ஜல்தி! ஜல்தி!"

கேரம் ஸ்ட்ரைக்கரால் மேஜையில் டொக் டொக்கென்று தட்டினார். ஐயையோ, அந்த வாயிலிருந்து ஜல்தியா! எனக்கு டீ புரையேறிவிட்டது. ஜன்னலில் வாத்தியார்கள் கூடிவிட்டார்கள். சைட்டில் நின்று ஒரு அதட்டல் போட்டால் தெருவே அடங்கிப்போகிற மனிதர், பேப்பரை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், கடைசியில் தலைகீழாகப் பிடித்தார். ஜன்னலில் சிரிப்பு. அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்வை.

கலை எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"ஆராம்சே, அப்பா. ஆராம்சே."

சிரிப்பு நின்றுபோனது. முருகேசன் மகளை நிமிர்ந்து பார்த்தார். "இவளுக்கு டெய்லி இப்படித்தான் இருக்குமா மேடம்?"

"டெய்லி. அதுவும் மூணு மீடியத்துல." மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார். "மக்கும் இல்ல, சோம்பேறியும் இல்ல. டிஸ்லெக்சியான்னு சொல்லுவோம். எழுத்து மட்டும் அவளுக்கு லேட்டாப் பிடிபடும். வீட்டுல பேசற தமிழ்லயே விடுங்க. அவ வேகத்துல வரட்டும். பரீட்சைல கேள்வியை வாசிச்சுச் சொல்ல ஆள், கூடுதல் நேரம், எல்லாம் நான் வாங்கித் தரேன்."

கலை இல்லாமலே கப்பல் போனது.

போன மாதம் மேடத்துக்கு மாற்றலாகிவிட்டது. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். இப்போது ஒன்பதாவது படிக்கிற கலை, தானே எழுதிய காகிதத்தைப் பிரித்து, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். "அன்... புள்ள... மே... டம்..." டிரைவர் ஹாரனை அமுக்கினார்.

"அண்ணே, நகருங்க! கான்வாய் போயிடும்!"

முருகேசன் பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அரே, ஆராம்சே பாய்! என் பொண்ணு படிக்கிறா, தெரியல?"

டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டார். கலை கடைசி வரி வரை வாசித்தாள். மேடம் மூக்கை உறிஞ்சினார், கண்ணைத் துடைத்தார், பிறகு வாழ்நாளில் முதல்முறையாகப் பதறினார்.

"ஐயோ சார், நேரமாச்சே! பையைக் குடுங்க, கான்வாய் போயிடப் போவுது!"

பையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"ஆராம்சே, மேடம். அடுத்த கான்வாய் இருக்குல்ல?"