நோர்மல் ராத்தாவின் நாற்பது கிராம் பிள்ளை

வானமே இடிந்து தலையில் விழுந்தாலும் "இது நோர்மல்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரிக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கல்முனையில் இருக்கிறார். முப்பது வருடம் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாக வீடு வீடாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர். எனக்கு மாமி வயது, ஆனாலும் ஊருக்கே ராத்தா, அதாவது அக்கா. சொந்தப் பெயர் பென்சன் கொப்பியில் மட்டும்தான் இருக்கும். எங்களுக்கு நோர்மல் ராத்தா.

பிள்ளை இரவு முழுக்க அழுகிறதா? நோர்மல். அழாமல் தூங்குகிறதா? அதுவும் நோர்மல். என் மகள் பிறந்த புதிதில் விடாமல் விக்கல் எடுத்தபோது நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன். ராத்தா வாசலை மறித்து நின்றார்.

"புள்ளைக்கு விக்கல் நோர்மல். ஒனக்கு ஊத்துற வேர்வதான் நோர்மல் இல்ல. குந்து மனே."

ஓய்வு பெற்றதும் பென்சன் வந்தது, அதட்டுவதற்குத்தான் ஆள் இல்லாமல் போயிற்று. அந்த நேரம் பார்த்துச் சவளக்கடையிலிருந்து அறுவடை மெசின் ஓட்டுகிற ஒருவர் மாஜரீன் டப்பாவோடு வந்து இறங்கினார். உள்ளே எலுமிச்சம்பழ அளவில் ஒரு நட்சத்திர ஆமைக் குஞ்சு. வயல் வரம்பில் கிடந்ததாம், மெசின் தட்டி ஓட்டில் ஒரு வெடிப்பு.

"குஞ்செண்டதும் ஒங்கட ஞாபகம்தான் வந்திச்சி ராத்தா" என்றார் அவர்.

ராத்தா மிருக வைத்தியரிடம் ஓடிக் காயத்தைக் காட்டினார். வனவிலங்கு ஆட்களுக்கும் போன் எடுத்தார். வெடிப்பு ஆறும் வரை வைத்திருங்கள், பிறகு வந்து எடுத்துப்போய்க் காட்டில் விடுகிறோம் என்றார்களாம். அவ்வளவுதான், ராத்தா மறுபடியும் டியூட்டிக்கு வந்துவிட்டார்.

தெருவில் ஒரு பெண் வாய் வைத்தாள். "ஆமை பூந்த ஊடு வெளங்குமா ராத்தா?"

"முப்பது வருசமா ஒங்கட ஊடுகளுக்குள்ள நான் பூந்தன். வெளங்கல்லியா?"

பழைய கிளினிக் காட் ஒன்றைத் தேடி எடுத்து ஆமைக்குப் பதிவு போட்டார். பெயர்: புள்ள. பிறந்த இடம்: சவளக்கடை வயல். பிரசவம் பார்த்தவர்: அல்லாஹ். நிறை பார்க்க வீட்டுத் தராசு சரிப்படவில்லை, அதில் ஆமையை வைத்தால் முள் அசைவதே இல்லை. எனவே சனிக்கிழமை தோறும் பஸாரில் நகைக் கடைக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை வீட்டார் மாலை பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் ஆமை தராசில் ஏறும்.

"நாப்பது கிராம் ராத்தா" என்பார் கடைக்காரர். "இருவத்திரெண்டு கரட்டா, இருவத்திநாலு கரட்டா?"

"போன கிழம முப்பத்தெட்டு. மாஷா அல்லாஹ்" என்று ராத்தா அந்தக் கிளினிக் காட்டில் புள்ளி வைப்பார்.

ஆமைக்குக் கணவாய் ஓடு நல்லது என்று யாரோ சொல்லப் பெரியநீலாவணைக் கடற்கரைக்கே போய்விட்டார். அங்குள்ள மீன்காரர்கள் கணவாயையே தர வந்தார்கள். ராத்தாவோ கணவாய் வேண்டாம், ஓட்டை மட்டும் தாருங்கள் என்று நின்றார். மனிசிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர்கள் எங்கள் வீட்டுக்கே சொல்லி அனுப்பினார்கள்.

ஆமை செய்த எதுவும் அவரை அசைக்கவில்லை. பகலில் முக்கால்வாசி நேரம் தூங்கினது, நோர்மல். மண்ணைத் தோண்டி உள்ளே புதைந்தது, நோர்மல். தொட்டால் தலையை இழுத்துக்கொண்டு புஸ்ஸென்றது, மூச்சு வெளியே போகிற சத்தம்தான், நோர்மல். சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக ஒன்றுக்குப் போனதும் என் மனைவி ரிஸானா வாயில் அடித்துக்கொண்டாள். அதுவும் நோர்மலாம்.

இப்படிப்பட்டவர் காத்தான்குடியில் ஒரு கலியாணத்துக்குப் போக வேண்டி வந்தது. இரண்டு நாளைக்கு ஆமை எங்கள் பொறுப்பு.

"பொன்னாங்காணியும் செவ்வரத்தம் பூவும் போடு. சோறு காட்டாத. காலையில இளம் வெயில், புறகு நிழல். தண்ணி தட்டில அதுட நாடிக்குக் கீழதான் நிக்கணும். மத்தப்படி சும்மா உடு மனே, நோண்டாத."

முதல் நாள் நன்றாகப் போனது. இரண்டாம் நாள் காலையில் பெட்டியில் ஆமையைக் காணவில்லை. மழைக் குளிருக்கு மண்ணுக்குள் போயிருந்தது. நோண்டாதே என்று சொன்னதைத்தான் முதலில் செய்தேன். வெளியே எடுத்ததும் புஸ்ஸென்றது. இலையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பெருமூச்சு உடுது" என்றாள் ரிஸானா. கண் கலங்கிவிட்டது. "கடல நெனைக்கிது. அல்லாஹ்ட படைப்பப் பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சா பாவமில்லையா?"

நாங்கள் கடற்கரைச் சனம். எங்களுக்கு ஆமை என்றால் கடலாமைதான். மணலில் குஞ்சைக் கண்டால் எடுத்துக் கடலில் விட்டு ஒரு துஆவும் கேட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம். சாப்பாட்டுப் பெட்டியில் ஆமையை வைத்துக்கொண்டு நன்மை தேடிப் புறப்பட்டேன். அதற்குத் துடுப்பு இல்லை, நாலு கட்டைக் கால்தான் இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் இல்லை. வளர வளர முளைக்கும் என்று நினைத்தேன்.

அலை ஓரத்தில் விட்டேன். ஆமை திரும்பிக் கரையைப் பார்த்து நடந்தது. கடல் பக்கம் திருப்பி விட்டேன். மறுபடியும் கரைக்கே நடந்தது. பாவம், பாதை தெரியவில்லை என்று மூன்றாம் முறை திருப்பியபோது ஒரு அலை வந்து அள்ளிக்கொண்டு போனது. நீந்தும் என்று பார்த்தால் கல்லு மாதிரி அடியில் போய்விட்டது. உடுத்திருந்த சாரத்தோடு பாய்ந்து, மணலைக் கிளறி, எப்படியோ பிடித்தேன். தலை வெளியே தொங்கியது. கால் அசையவில்லை.

நான் வீட்டு வாசலை மிதிக்க ராத்தா பஸ்ஸால் இறங்கி வருகிறார். நனைந்த சாரத்தையும் கையையும் பார்த்தார். ஆமையை வாங்கித் தலை கீழாகப் பிடித்து, கழுத்தை மெல்ல நீட்டினார். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. முன்னங்கால் இரண்டையும் இரண்டு விரலால் வெளியே இழுப்பதும் உள்ளே விடுவதுமாக இருந்தார். முதல் அழுகை வராத பிள்ளையை இந்தக் கைகள் எத்தனை முறை இப்படிப் பிடித்திருக்கும்!

"ராத்தா, இது... நோர்மலா?"

"இல்ல" என்றார். ஒரு பிள்ளையைப் பற்றி அவர் வாயில் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

ரிஸானா போன் எடுத்தாள், மிருக வைத்தியர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பின்னேரம் பள்ளியில் அசர் பாங்கு சொல்லும்போது பின்னங்கால் ஒன்று உதைத்தது. பிறகு வாய் திறந்தது. ராத்தா ஆமையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். வைத்தியர் ஊசி போட்டுவிட்டு, இனிப் பயமில்லை, சில நாள் சூடாக வைத்திருங்கள் என்றார்.

தெரு கூடிவிட்டது. எப்படி நடந்தது என்று கேட்டார்கள். நான் ரிஸானாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான் பேசின்ல தண்ணியக் கூட ஊத்திட்டன்" என்றார் ராத்தா.

ஊர் சும்மா விடுமா? முப்பது வருடம் பிள்ளை குளிப்பாட்டினவருக்கு ஒரு ஆமையைக் குளிப்பாட்டத் தெரியவில்லை என்று ஒரு வாரம் சிரித்தது. நகைக் கடைக்காரர் கூடக் கிண்டல் அடித்தார். ராத்தாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

"ஏன் ராத்தா அப்பிடிச் சொன்னீங்க?"

"புள்ளையப் பாத்துக்கிட்டவன நாலு பேருக்கு முன்னால ஏசினா, புறகு அவன் புள்ளையத் தொடவே பயப்படுவான் மனே. எத்தின வாப்பாமாரப் பாத்திரிக்கன்."

உண்மைதான். அன்றிலிருந்து பத்து நாளாக நான் ஆமைப் பெட்டி இருந்த பக்கமே போகவில்லை.

பதினோராம் நாள் காலை ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். "மாவடிப்பள்ளியில ஒரு அலுவல் இரிக்கி. அசருக்குத்தான் வருவன்" என்றவர், ஆமையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எதைப் போடு, எதைப் போடாதே என்று ஒரு வார்த்தை இல்லை. கையில் அது மெல்ல நகர்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தலை நிமிர்வதற்குள் ராத்தா தெரு முனைக்குப் போய்விட்டார்.

மாவடிப்பள்ளியில் அவருக்கு எந்த அலுவலும் இருக்கவில்லை. அசர் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு குந்தியிருந்தாராம்.