முட்டைக்குமா கரண்ட்?

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பின் அஸ்கி காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம், நானும் சுகம், வாசலில் நின்ற வெள்ளமும் வடிந்துவிட்டது. கத்தாரில் நீங்களும் சுகமாய் இருக்க உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறார். நானும் கேட்கிறேன், இந்தக் கிழமை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். பக்கத்து வீட்டு சுல்பிகா மாமி கையில் அயனோடு வந்து நின்றபோது நான் "இல்லை" என்று சொல்லவில்லை. "உங்கட மகன் கசங்கின சேட்டோட போனா உலகம் அழியாது" என்று சொல்லவில்லை. "உள்ளே பன்னிரண்டு உயிர் இருக்கிறது" என்றும் சொல்லவில்லை. "வாங்க மாமி" என்றுதான் சொன்னேன். அதற்குக் காரணம் நீங்கள்.

நீங்கள் அனுப்பிய, கரண்ட் சேமித்து வைக்கிற அந்த பவர் ஸ்டேஷன் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. காற்றில் கம்பி அறுந்து ஊரே இருண்டபோது, குஞ்சு பொரிக்கிற என் மெஷினை அது ஒரு நாள் முழுக்கத் தாங்கியிருக்கும். இந்த மெஷினும் முட்டைகளும் எனக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அரசாங்கத்தின் பட்டதாரி நியமனம் வந்ததா என்று ஊரே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நான் டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசில் வாங்கிய மெஷின் அது. அன்றிலிருந்து மூன்றே நாளில், இது நான் செய்தது என்று கையில் ஏந்திக் காட்டப் பன்னிரண்டு குஞ்சு இருந்திருக்கும்.

ஆனால் நீங்கள் தோஹாவில் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்ன போட்டீர்கள்? "கரண்ட் இல்லாத ஆக்கள் எல்லாம் நம்மட வீட்ட போங்க, பெட்டி கிடக்கு." அதோடு ஒரு இதயப் படம் வேறு. வந்தார்கள் காக்கா! போன் சார்ஜ் போட வந்தவர்கள் பிளேன்டீ குடித்துவிட்டுப் போக, அந்த பிளேன்டீக்கு உம்மா கேத்தலைப் பெட்டியில் குத்த, பெட்டி தாங்காமல் கீ கீ என்று கத்த, "பாவம், பசிக்குது போல" என்று உம்மா அதைத் தடவிக் கொடுக்க, அதற்குள் ஒருவர் சலூன் மெஷினைக் கொண்டுவந்து தலைமயிர் வெட்டிக்கொள்ள, மயிர் என் புத்தகங்களில் எல்லாம் பறக்க, கடைசியில் வந்தார் அயனோடு மாமி.

"மகன் பொண் பார்க்கப் போறான் புள்ள."

"இந்த வெள்ளத்திலயா மாமி?"

"வெள்ளம் எண்டாத்தானே கா பொண் வீட்டுல எல்லாரும் வீட்ட இரிப்பாங்க!"

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மாவின் சட்டம் உங்களுக்குத் தெரியும். "உப்பு, தண்ணி, நெருப்பு, இந்த மூண்டையும் கேட்டு வந்தா இல்லையெண்டு சொல்லப்படா."

"கரண்ட் நெருப்பில்லையே உம்மா" என்றேன்.

"ஏன் கா, அயன் சுடுகுதுதானே? சுட்டா நெருப்புத்தான்" என்று மாமி தீர்ப்புச் சொன்னார். பிறகு என் மெஷினை எட்டிப் பார்த்தார். "அல்லாஹ், முட்டைக்குமா கரண்ட்? கோழி எந்தப் பிளக்குல குத்திட்டு அடை கிடக்கு?"

ஒரு கொள்ளி கொடுத்தால் நம் அடுப்பில் நெருப்புக் குறைவதில்லை. இந்தப் பெட்டியில் கொடுக்கக் கொடுக்கக் குறைகிறது. இதையும் நான் சொல்லவில்லை. ஒரு சேட்டு, ஒரு சாரன், "கையோட கையா" ஒரு பர்தா. பெட்டி செத்தது.

புதன்கிழமை கொஞ்சம் வெயில் எறித்தது. பெட்டியோடு வந்த சோலார் பலகையை முற்றத்தில் விரித்துவிட்டு, மெஷினைப் பழைய சாரனால் போர்த்திக்கொண்டு காத்திருந்தேன். சார்ஜ் ஏறவே இல்லை. போய்ப் பார்த்தால், பலகை நிறையக் கருவாடு!

"நல்ல சூடான பலகை மகள், மணலும் ஒட்டாது. வெயில்லதானே கிடக்கு, ரெண்டும் காயட்டும்" என்றார் உம்மா.

வியாழன் காலை மெஷினைத் திறந்தேன். அது வெறுமையாக இருந்தது.

"சுல்பிகாவுக்குக் குடுத்தன்" என்றார் உம்மா, கருவாட்டைப் புரட்டிக்கொண்டே.

வெள்ளத்தில் கறிக்கு ஒன்றும் இல்லாத வீடு அது. ஏன் கொடுத்தீர்கள், எதற்குக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வியாழன் பின்னேரம் கரண்ட் வந்தது. எனக்கு எதற்கு?

ஆகவே காக்கா, பெட்டியைத் திருப்பி எடுப்பிக்க வழி செய்யுங்கள். குழுவில் போட்டதை அழியுங்கள், அந்த இதயத்தையும் சேர்த்து. இனி யாருக்காவது நன்மை செய்யத் தோன்றினால் உங்கள் அறையில் இருப்பவர்களுக்குச் செய்யுங்கள். அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக. உம்மா ஸலாம் சொல்கிறார். கருவாடும் அனுப்புவாராம், நன்றாகக் காய்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
கோபம் ஆறாத தங்கை
அம்ஹா

பி.கு. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. சனிக்கிழமை காலை சுல்பிகா மாமி வந்து, "உன்ட சாமானை வந்து பாரு கா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். மாமியின் கோழி அடை கிடந்திருக்கிறது. புதன் இரவே உம்மா முட்டைகளை அதன் கீழ் வைத்திருக்கிறார். "நெருப்பு வாங்கினன், நெருப்புத் தந்துட்டன்" என்றார் மாமி. பத்துக் குஞ்சு பொரித்தது, இரண்டு கூழ்முட்டை. பெட்டியைத் திருப்பி எடுக்க வேண்டாம். மகனின் கலியாண வீட்டுக்கு மாமி அதை இரவல் கேட்டிருக்கிறார், நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். குஞ்சுகள் அம்ஹாவுடையவை என்று மாமியே எல்லோரிடமும் சொல்கிறார். அவை கோழிக்குப் பின்னால் போகின்றன. நான் கூப்பிட்டேன், ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.