வெர்னியர் சார் அளக்காமல் விட்ட குருவி

ஆவடியில் ரயிலேறி அம்பத்தூரில் இறங்குகிற அத்தனை பேரையும் நிறுத்தி விசாரித்தாலும், வாழ்நாளில் ஒருமுறைகூட 'சுமார்' என்ற சொல்லை வாயால் சொல்லாத மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர் வெர்னியர் சார்; சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் வெர்னியர் அளவுகோலால் வந்த பெயர். அவருக்கு வேறு பெயரும் உண்டு. பென்ஷன் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை.

தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று முறை அளப்பார். மூன்றும் ஒத்துவந்தால்தான் தாளில் ஏறும். தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த உருப்படி கேட்டைத் தாண்டாது. ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பழக்கத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை. அது அவரோடு பருத்திப்பட்டில் எங்கள் அடுக்ககத்துக்கே குடிவந்துவிட்டது.

வந்த வாரமே மாடிப்படிகளை அளந்து, ஏழாவது படி மற்றவற்றைவிட நான்கு மில்லிமீட்டர் உயரம் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். சங்கச் செயலாளர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துச் சிரித்துக்கொண்டே ஏறினார். ஏழாவது படியில் தடுக்கி விழுந்தார். அதற்குப் பிறகு வெர்னியர் சாரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவர் டீக்கடையில் மெதுவடையை எடுத்து, ஓட்டை நடுவில் இல்லையென்று திருப்பிக் கொடுத்தபோதுகூட.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சிலர் ஏரிக்கரையில் பறவை பார்ப்போம். அவரும் சேர்ந்துகொண்டார். நாமக்கோழிகள் சுமார் முந்நூறு இருக்கும் என்று நான் சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். வெயில் ஏறும்வரை நின்று எண்ணி, "இருநூத்தி எண்பத்தேழு. கோரைக்குள்ள ஒண்ணு சந்தேகம், அதைச் சேர்க்கலை" என்பார்.

இப்படிப்பட்டவரைப் பறவைக்கு வளையம் மாட்டும் முகாமுக்கு அழைத்துப்போனது என் குற்றம்தான். அக்டோபரில் வடக்கே எங்கெங்கிருந்தோ பறவைகள் பழவேற்காட்டுக் கரையில் வந்து இறங்கும். மெல்லிய வலையில் பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டி, இறக்கை, அலகு, எடை மூன்றையும் குறித்துவிட்டுப் பறக்கவிடுவார்கள். அனுமதி பெற்று இதை நடத்துகிற ஆராய்ச்சியாளரை எல்லோரும் டாக்டர் மேடம் என்போம். அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. பறவை கையில் மூன்று நிமிஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

வெர்னியர் சார் முதல் வருஷமே ஒரு கொசு உள்ளானை ஆறு நிமிஷம் வைத்திருந்தார். அலகின் அளவு மூன்று முறையும் ஒத்துவரவில்லையாம். கொசு உள்ளான் உள்ளங்கையில் அடங்குகிற குருவி. எங்கள் வேன் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், குருவிக்கு பேண்ட்டு தெச்சு குட்க்கப் போறியா?" என்றார். கீழே விட்டபோது அது பறக்கவில்லை. கண்ணை மூடி மணலில் உட்கார்ந்துவிட்டது. காக்கை கொத்தாமல் இருக்க, சார் அரை மணி நேரம் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஒருவழியாகத் தாழப் பறந்து போனது. பிழைத்ததா என்று யாருக்கும் தெரியாது. மேடம் அவர் கையிலிருந்த வளையம் மாட்டும் இடுக்கியை வாங்கிக்கொண்டு, பறவைப் பைகளைத் தூக்கிவரும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்த மனுஷன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். பிறகு எலுமிச்சம்பழத்தில் ஈர்க்குச்சியைக் கால் மாதிரி செருகி, பயிற்சியைத் தொடங்கினார். மனைவி கடிகாரம் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க அந்த வீட்டில் எலுமிச்சை சாதம்தான். அடுத்த அக்டோபரில் நான் மேடத்திடம் கெஞ்சிப் பார்த்தேன். மேடம் இறங்கிவந்தார், ஆனால் ஒரு பறவை மூன்று நிமிஷத்தைத் தாண்டினாலும் இனி இடுக்கியைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

அன்று காலை வெளிச்சம் வந்ததும் உட்கார்ந்தோம். அவர் அளக்க, நான் எழுத, மேடம் கையில் கடிகாரம். முதல் பறவை இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடி. இரண்டாவதும் அதே ஐம்பது. பதினொரு பறவை வரை பிசகவில்லை. அளவு மூன்று முறைதான். விரல்கள் மட்டும் எலுமிச்சம்பழத்தில் தேறியிருந்தன.

பன்னிரண்டாவது பையில் கொசு உள்ளான். காலில் ஏற்கெனவே வளையம் இருந்தது. கூட்டம் கூடிவிட்டது. போட்ட வளையம் திரும்பிவருவது இந்த வேலையில் லாட்டரி அடித்த மாதிரி. சார் எண்ணைப் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாவது முறையும் படித்தார். நான் பழைய பட்டியலைத் தேடவே இல்லை. அந்த எண் அவருக்கு மனப்பாடம் என்று முகமே சொன்னது. போன வருஷத்து ஆறு நிமிஷக் குருவி அது.

"உயிரோட இருக்கு," என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

அது அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. அவர் ஸ்கேலை எடுக்கவில்லை. மேடம் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு சார், தாராளமா அளக்கலாம்," என்றார்.

"வேண்டாம் மேடம். இதைப் போன வருஷமே நிறைய அளந்தாச்சு."

குனிந்து, மணலில் கையை வைத்து விரித்தார். குருவி ஒரு விநாடி நின்றது. பிறகு நாலு எட்டு ஓடி, எழும்பி, தண்ணீர் மேல் ஒரே வீச்சில் போய்விட்டது. குடை வேண்டியிருக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்தபடி என்னிடம் திரும்பி, இறக்கை, அலகு, எடை மூன்று கட்டத்தையும் காலியாக விடச் சொன்னார். என் பேனா தயங்கியது. மேடம் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பதின்மூன்றாவது பையை அவர் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது வேனில் சார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் டிரைவர் கேட்டார்: "இன்னிக்கு எத்தினி குருவி சார் மாட்டுச்சு?"

சார் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "சுமார் இருபது இருக்கும்பா."

என் மடியில் இருந்த தாளில் பத்தொன்பது என்று இருந்தது. நான் திருத்தவில்லை. சற்று நேரத்தில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. சட்டைப் பையிலிருந்த வெர்னியர் என் விலாவில் குத்தியது. ஆவடி வரும்வரை நான் அசையவே இல்லை.