சறுக்குப் பலகைக்குச் சந்தனம் பூசிய விவகாரம்

பிளசன்டன், கலிபோர்னியா,
பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் சபரிநாதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் நஞ்சுண்டன் வணக்கத்துடன் எழுதுவது. கோபியில் நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் தங்கை வான்மதி படு சௌக்கியம். அதைப் பற்றிப் புகார் செய்யத்தான் இந்தக் கடிதம்.

ரிட்டயர் ஆனதும் லிவர்மோர் கோயிலில் பூக் கட்டுவாள் என்று நம்பியிருந்தேன். அவளோ பனிமலை ஏறும் வகுப்பில் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டாள். மேலே தூக்கிக்கொண்டு போக லிஃப்ட் கிடையாது மச்சான். காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத மலையில் நாமே நடந்து ஏறி, நாமே சறுக்கி இறங்க வேண்டும். "எந்த வயசும் வரலாம், எந்த உடம்பும் வரலாம், ஒண்ணும் தெரியாதவங்களும் வரலாம்னு போட்டிருக்கு. மூணுமே நீங்கதான்" என்றாள்.

முந்தின நாள் பலகைகளை வாடகைக்கு எடுத்து வந்தோம். வாடகையானால் என்ன, பூஜை போடாமல் நம் வீட்டில் யார் வண்டி எடுத்திருக்கிறார்கள்? கராஜில் வைத்துச் சந்தனம் குழைத்து, தரையில் ஓடுவது அடிப்பக்கம்தானே என்று அங்கே தாராளமாகப் பூசிக் குங்குமமும் வைத்தேன். வான்மதி தன்னுடையதைத் துடைத்துவிட்டாள். என்னுடையதைத் தொட நான் விடவில்லை. மறுநாள் தாஹோ ஏரிப் பக்கத்து மலையில் வகுப்பு. டீச்சர் பிரீத்தி, கோவைக்காரர் மகள், இங்கேயே பிறந்தவள். ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்கப் பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டச் சொன்னாள். எல்லோருக்கும் ஒட்டியது. எனக்கு இருபதாவது அடியில் இடது பட்டை உரிந்து, ஏறியதையெல்லாம் பின்பக்கமாகவே இறங்கி, பின்னால் வந்த அறுபத்தெட்டு வயது பஸ் டிரைவரம்மா மடியில் போய் உட்கார்ந்தேன். பிரீத்தி பலகையைத் திருப்பிப் பார்த்து, "அங்கிள், இஸ் திஸ் ஃபுட்?" என்று ஏதோ தின்பண்டமாக நினைத்துக் கேட்டாள். விளக்கம் சொன்னதும் டிரைவரம்மா தனக்கும் ஒரு பொட்டு வேண்டுமென்று நெற்றியைக் காட்டியது. மொத்த வகுப்பும் நின்று என் பக்தியைச் சுரண்டி எடுத்தது.

அடுத்து, பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் கருவி. ஒரு பையைப் புதைத்துத் தேடச் சொன்னார்கள். பக்கத்தில் செல்போன் கூடாது என்றதை மறந்து சட்டைப்பையில் வைத்திருந்தேனா, கருவி குழம்பிப் போய் என்னை ஒரே இடத்தில் சுற்றவிட்டது. வான்மதி மூன்றே நிமிஷத்தில் பையைத் தோண்டி எடுத்தாள். வீட்டில் என் கண்ணாடியைத் தேடி எடுக்கிற அதே வேகம்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் இரண்டு நாள் மலைக்குடிசையில் தங்கும் பயணமாம். "நீங்க வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் நான் போறேன்" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். மலையை நினைத்து இல்லை. நான் டிரைவரம்மா மடியில் கிடந்தபோது இவள் மேட்டின் உச்சியில் நின்று கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ஒருவன் இருப்பதே மறந்துபோன சிரிப்பு. முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அவள் உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, உங்கள் முழங்காலுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
நஞ்சுண்டன்

பி.கு.: போன் செய்ய வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் வான்மதி எடுத்துப் படித்துவிட்டாள். "மேல நின்னு சிரிச்சதே உங்களைப் பார்த்துத்தான்" என்கிறாள். மார்ச் பயணத்துக்கும் வகுப்பு நடந்த அன்றைக்கே இரண்டு பேராகத்தான் பெயர் கொடுத்திருக்கிறாள். நல்ல குரங்குக் குல்லா இரண்டு அனுப்பி வைக்கவும். சந்தனம் இந்த முறை பலகையின் மேல்பக்கம் மட்டும்தான்.