நம் வீட்டுக்கு மட்டும் வராத வைஃபை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, அதற்கான காரணம் கீழே வரும். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். நம்புவதைத் தவிர எங்களிடம் வேறு தகவல் இல்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் சொன்னால் "பாத்துக்கலாம்ப்பா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

விஷயம் இதுதான். தெரு முழுக்க வைஃபை போடலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, "அதுக்கெல்லாம் ஆள் தேடி அலையணுமா? என் பையன் இதையேதானே வேலையாப் பாக்கிறான்!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான்தான். நீயும் ஒரே வாரத்தில் திட்டம் அனுப்பினாய். ஊரான் தெருவென்றால் நேரில் போய் அளவெடுத்துத்தான் போடுவாயாம். நம் தெருவுக்கு மட்டும் "எனக்குத் தெரியாத தெருவாப்பா?" என்று மனதிலிருந்தே வரைந்துவிட்டாய். எந்தக் கம்பத்தில் வைஃபை பெட்டி, எத்தனை அடி உயரம், எந்தப் பக்கம் முகம், எல்லாம் உன் கையெழுத்திலேயே இருந்தது. அடுத்த வீட்டு எலக்ட்ரீஷியன் ஒரு அங்குலம் பிசகாமல் ஐந்து பெட்டிகளையும் மாட்டினார். ஏணியைப் பிடித்தவன் நான். முழங்கால் போனது அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை வைத்தோம். முப்பத்திரண்டு வருஷம் ட்ரில் மாஸ்டராக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்? தெரு நடுவில் நின்று விசில் அடித்தேன். சிக்னல் கிடைக்கிறவர்கள் ஒரு கை தூக்க வேண்டும், கிடைக்காதவர்கள் இரண்டு கை. ஜன்னலுக்கு ஜன்னல் கை முளைத்தது. எதிர்வீட்டுத் தையல்கார அக்கா மொட்டை மாடியில் ஈரப் போர்வையோடு இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். சிக்னல் இல்லை என்கிறாளா, போர்வையை உதறுகிறாளா என்று தீர்க்கவே கால் மணி நேரம் ஆயிற்று. "மாஸ்டர், என்கிட்ட போனே இல்ல, நான் எந்தக் கையைத் தூக்கணும்?" என்று சங்கச் செயலாளரின் மாமனார் கத்துகிறார். உண்மையைச் சொல்கிறேன்டா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு காலத்தில் இதே விசிலுக்கு இந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் விளையாட்டை விட்டு ஓடி வருவீர்கள். நீ மட்டும் கடைசி ஆளாக, "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்ப்பா" என்று இழுத்துக்கொண்டே வருவாய். அதட்டுவேன். இப்போது அந்தக் குரல் கேட்டால் அதட்ட மாட்டேன்.

எல்லாம் முடிந்து பார்த்தால், தெரு முழுக்க வருகிறது, நம் வீட்டில் மட்டும் துளிகூட இல்லை. உன் அம்மா வாசலில் இரண்டு கையையும் தூக்கியபடியே நிற்கிறாள். "ப்ளான் போட்டவன் வீட்டுக்கே வரலையாமே!" என்று செயலாளர் தெருமுனை வரை சிரித்துக்கொண்டே போனார். என் மானம் கப்பலேறிவிட்டது.

கோபத்தோடு உன் படத்தை விரித்தேன். மூன்றாம் பெட்டி காலி மனையைப் பார்க்க வேண்டும், அதைத் தாண்டி சிக்னல் நம் வீட்டுக்கு வரும் என்று எழுதியிருக்கிறாய். ஏன்டா, அந்த மனையில் நாலு மாடி எழும்பி நாலு வருஷம் ஆகிறதே! தையல்கார அக்காவின் மூன்று மாடி வீடு உன் படத்தில் மாடியே இல்லாமல் இருக்கிறது. சந்துமுனையில் இன்னும் சைக்கிள் கடை இருக்கிறது. கடைக்காரர் போய்ச் சேர்ந்தே ஆறு வருஷம். மூன்று வருஷம் முன்பு நீ வந்தபோதும் இரண்டு நாளும் அறைக்குள் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாய். தெருவில் கால் வைத்தால்தானே தெரியும்? சேர்ந்து திட்டலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அந்தக் காலி மனையை விரலால் தடவிப் பார்த்தாள். "பசங்க விளையாடுறப்போ பந்து விழுற பாழுங்கிணத்தைக்கூட விடாம போட்டிருக்கான் பாருங்க. எம் புள்ள எதையும் மறக்கலைங்க" என்றாள். அப்புறம் எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

ஆகவே சொல்ல வந்தது என்னவென்றால், இது மிகவும் சிக்கலான தொழில்நுட்பக் கோளாறு. இங்கே யாராலும் ஆகாது. நீயே நேரில் வந்து, தெருவை நடந்து பார்த்து, புதிதாக வரைந்தால்தான் உண்டு. ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை, குறைந்தது பத்து நாளாவது ஆகும். அம்மா உன் அறையைப் பெருக்கித் துடைத்து வைத்துவிட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு. கண் விழித்து வேலை பார்க்காதே. எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு. அவளுடையது கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் எலக்ட்ரீஷியன் வந்தார். "இதுக்குப் போயா மாஸ்டர் இவ்வளவு கவலை?" என்று ஏணியில் ஏறி, நாலாம் பெட்டியின் முகத்தைச் சந்துப் பக்கம் சற்றே திருப்பினார். இரண்டே நிமிஷம். நம் வீட்டில் சமையலறை வரைக்கும் பிரமாதமாக வந்துவிட்டது. உன் அம்மா வாசலுக்குப் போய், "தம்பி, அதை இருந்த மாதிரியே வச்சிடுங்க" என்றாள். அவரும் பழையபடி திருப்பி வைத்துவிட்டுப் போனார். இப்போது மறுபடியும் துளிகூட இல்லை. சீக்கிரம் வா.